ஒரு சனிக்கிழமை, நாலு லிட்டில் இத்தாலி: எதுக்குப் போறது?

முடிவ முதல்லயே சொல்லிடறேன், பொறுமை இல்லாதவங்க இதோட நிறுத்திக்கலாம். நியூ ஜெர்சி பக்கம் இருக்கீங்க, ஒரே ஒரு நாள் தான் கைல இருக்கு, பழைய இத்தாலியன் ஏரியானா எப்படி இருக்கும்னு பாக்கணும், கொஞ்சம் நல்லதா சாப்பிடணும், வரும்போது வீட்டுக்கும் நாலு சாமான் வாங்கிட்டு வரணும்னா பிராங்க்ஸ்ல இருக்கற ஆர்தர் அவென்யூ போங்க. மன்ஹாட்டன் லிட்டில் இத்தாலிக்கு போகவே கூடாதுன்னு சொல்லல. அங்க மட்டும் போய்ட்டு "லிட்டில் இத்தாலி பாத்தாச்சு"ன்னு ஊருக்கு போட்டோ அனுப்பிடாதீங்க, அவ்ளோ தான்.

நாங்க நியூ ஜெர்சி எடிசன்ல இருக்கோம், ஒம்பது வருஷம் ஆகுது. ஊர்ல இருந்து யார் வந்தாலும் லிபர்டி சிலை, டைம்ஸ் ஸ்கொயர், நயாகரா, வாஷிங்டன்னு முதல் மூணு வாரம் ஓடிடும். நாலாவது வாரம் தான் பிரச்சனையே, எங்க கூட்டிட்டுப் போறதுன்னு தெரியாம காஸ்ட்கோவுக்கு கூட்டிட்டுப் போவோம். அப்படித்தான் இந்த இத்தாலியன் ஏரியா பழக்கம் வந்துச்சு. நடந்து பாக்கற மாதிரி சின்ன தெரு, கடை கண்ணி, கோயில் மாதிரி ஒரு சர்ச், வாசல்ல சேர் போட்டு உக்காந்திருக்கற பெரியவங்க. அப்பாவுக்கு முதல் தடவையே ரொம்ப புடிச்சுப் போச்சு. "இந்த ஊர்ல இப்பதான்டா மனுஷன் நடமாட்டத்த பாக்கறேன்"னார்.

இப்ப கம்பேரிசனுக்கு வருவோம். எங்களுக்கு எட்டற தூரத்துல நாலு இருக்கு: மன்ஹாட்டன் மல்பரி ஸ்ட்ரீட், பிராங்க்ஸ் ஆர்தர் அவென்யூ, பிலடெல்பியா ஒம்பதாவது தெரு மார்க்கெட், பாஸ்டன் நார்த் எண்ட். நாலுக்கும் ஆரம்பக் கதை கிட்டத்தட்ட ஒண்ணு தான். 1880ல இருந்து 1924 வரைக்கும் சுமார் 40 லட்சம் இத்தாலியன்ஸ் அமெரிக்கா வந்தாங்க, பெரும்பாலும் தெற்கு இத்தாலி, சிசிலி, நேப்பிள்ஸ், கலாப்ரியா பக்கத்து ஏழை ஜனங்க. 1924ல குடியேற்றச் சட்டத்த இறுக்கிப் புடிச்சதும் வரத்து பொசுக்குன்னு நின்னு போச்சு. அதனால தான் இவங்க சாப்பாடும் பேச்சும் அந்த காலத்துலயே உறைஞ்சு போன மாதிரி இருக்கும். மொஸரெல்லாவ "முட்ஸரெல்"ம்பாங்க, ரிகோட்டா "ரிகாட்", கடைசி உயிரெழுத்த முழுங்கிடுவாங்க. இப்ப ரோம்ல இருந்து வர்ற ஆளுக்கே அது பாதி புரியாது.

என் அளவுகோல் ரொம்ப சிம்பிள். தெருவுல நடக்கும்போது யாராவது மெனு கார்டை நீட்டி "வாங்க சார் வாங்க"ன்னு கூப்பிடறாங்களா, இல்ல கடைக்குள்ள ஒரு பாட்டி தள்ளுவண்டி பையோட வரிசைல நின்னு "போன வாரம் குடுத்தது உப்பு ஜாஸ்தி"ன்னு கடைக்காரர்ட்ட சண்டை போட்டுட்டு இருக்காங்களா? ரெண்டாவது இருந்தா அது உயிரோட இருக்கற ஏரியா, முதலாவது மட்டும் இருந்தா அது செட்டு.

மல்பரி ஸ்ட்ரீட் இந்த அளவுகோல்ல அடி வாங்கற இடம். ஒரு காலத்துல இது தான் எல்லாத்துக்கும் தலைநகரம், மல்பரில நேப்பிள்ஸ் ஆளுங்க, ரெண்டு தெரு தள்ளி எலிசபெத் ஸ்ட்ரீட்ல சிசிலி ஆளுங்கன்னு ஊர்வாரியா பிரிஞ்சு இருந்திருக்காங்க, நம்ம ஊர் அக்ரகாரம், மேலத்தெரு, கீழத்தெரு மாதிரி. இப்ப சைனாடவுன் வளர்ந்து வளர்ந்து சுத்தி வளைச்சுடுச்சு, மேல் பக்கம் பூட்டிக் கடைங்க வந்துடுச்சு, மிச்சம் இருக்கறது சில பிளாக் தான். 2010 வாக்குல எடுத்த சென்சஸ் சர்வேல அந்த ஏரியாவுல இத்தாலில பொறந்தவர் ஒருத்தர் கூட கிடைக்கலன்னு வந்துச்சு. 1892ல ஆரம்பிச்ச அலேவா சீஸ் கடை கூட வாடகைப் பிரச்சனைல 2023ல அங்க இருந்து கிளம்பிடுச்சு. நூத்தி முப்பது வருஷம் ஒரே மூலைல இருந்த கடை.

எங்க அனுபவமும் சொல்றேன். முதல் தடவை போனப்போ வாசல்ல நின்னு கூப்பிட்ட ஒரு ரெஸ்டாரன்ட்ல (பேர் வேண்டாம்) உக்காந்தோம், வெயிட்டர் வந்து இன்னிக்கு ஸ்பெஷல்னு ஒரு நாலு ஐட்டம் பாட்டு மாதிரி பாடினார், விலைய மட்டும் பாடல. நாமளும் கேக்க கூச்சப்பட்டு தலையாட்டிட்டோம். பில்லு வந்தப்போ அந்த ஸ்பெஷல் பாஸ்தா மெனுல இருக்கறத விட ரெண்டு மடங்கு, அதுக்கு மேல டிப்ஸையும் அவங்களே சேத்துட்டாங்க, அத கவனிக்காம நான் இன்னொரு தடவை டிப்ஸ் எழுதி கையெழுத்து போட்டுட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து ரசீது பாத்துட்டு என் வீட்டம்மா ஒரு வாரம் பேசல. ஸ்பெஷல் சொன்னா விலை கேளுங்க. வெக்கமே வேண்டாம்.

ஆனாலும் அங்க ரெண்டு இடத்துக்காக நான் இப்பவும் போவேன். ஒண்ணு கிராண்ட் ஸ்ட்ரீட்ல டி பாலோஸ், 1910ல இருந்து இருக்கற சீஸ் கடை. உள்ள போனதும் நம்பர் சீட்டு எடுக்கணும், உங்க நம்பர் வர்றதுக்கு ஏகப்பட்ட நேரம் ஆகும், ஏன்னா கவுண்டர்ல இருக்கறவர் ஒவ்வொருத்தர்ட்டயும் இது எந்த ஊர் ஆட்டுப்பால், இது எத்தன மாசம் ஊறினதுன்னு ஒரு துண்டு வெட்டி வாய்ல போடச் சொல்லி கதை சொல்லுவார். அவசரப்பட்டா அந்த கடை உங்களுக்கு இல்ல. இன்னொண்ணு அதே தெருவுல ஃபெராரா, 1892ல ஆரம்பிச்ச பேஸ்ட்ரி கடை, கூட்டமா இருக்கும், டூரிஸ்ட் கடை தான், இருந்தும் ஒரு காபியும் ஸ்ஃபோலியாதெல்லேயும் வாங்கி ஓரமா உக்காந்தா மனசுக்கு நல்லா இருக்கும். ஸ்ஃபோலியாதெல்லேன்னா சங்கு மாதிரி அடுக்கடுக்கா மடிச்ச மாவு, உள்ள ரிகோட்டா பூரணம், கடிச்சா சட்டையெல்லாம் தூள்.

அப்புறம் செப்டம்பர். சான் ஜெனாரோ திருவிழா 1926ல இருந்து நடக்குது, 11 நாள். நேப்பிள்ஸோட காவல் தெய்வம் அவர், செப்டம்பர் 19 அவரோட நாள், அன்னிக்கு சிலைய தூக்கிட்டு ஊர்வலம் வருவாங்க, சிலைல இருந்து தொங்கற ரிப்பன்ல ஜனங்க டாலர் நோட்ட குத்தி விடுவாங்க. நோட்டு மாலை போட்ட சாமிய அமெரிக்காவுல பாத்ததும் அம்மா கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. பேண்டு வாத்தியம், எண்ணெய்ல பொரிச்சு சர்க்கரை தூவின ஸெப்போலே (நம்ம மைதா போண்டாவுக்கு அக்கா முறை), தூக்கலான சாசேஜ் வாசனை, நெரிசல். திருவிழாக் கூட்டம் புடிச்சவங்க செப்டம்பர்ல மல்பரிக்கே போகலாம், நான் சொன்ன குறை எதுவும் அப்ப கண்ணுல படாது.

இங்க ஒரு சுவாரசியம். மெட்ரோபார்க்ல இருந்து ட்ரெயின் புடிச்சு பென் ஸ்டேஷன் இறங்கி, ஒரு பிளாக் நடந்து ஹெரால்ட் ஸ்கொயர்ல டி ட்ரெயின் (சப்வே) ஏறணும். அதே டி ட்ரெயின் தெக்கால போனா கிராண்ட் ஸ்ட்ரீட், மல்பரி. வடக்கால போனா ஃபோர்டம் ரோடு, ஆர்தர் அவென்யூ. அதாவது நீங்க எடுக்க வேண்டிய முடிவு பிளாட்பாரம் எந்தப் பக்கம்ங்கறது மட்டும் தான். தெக்க கால் மணி நேரத்துல போய்டலாம், வடக்க முக்கால் மணி நேரம் பக்கம் ஆகும், அப்புறம் ஒரு கால் மணி இருபது நிமிஷம் நடை, இல்லன்னா பஸ். இந்த அரை மணி நேர வித்தியாசத்துக்குத் தான் டூரிஸ்ட் எல்லாம் தெக்க போறான். கிராண்ட் சென்ட்ரல் பக்கம் இருந்தீங்கன்னா இன்னும் சுலபம், மெட்ரோ நார்த்ல ஏறினா இருபது நிமிஷம் சொச்சத்துல ஃபோர்டம் வந்துடும். கார்ல போனா பாலத்து டோலும் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்து டிராஃபிக்கும் உங்க ஜாதகத்தப் பொறுத்தது.

ஆர்தர் அவென்யூ இருக்கற ஏரியாவுக்கு பெல்மான்ட்னு பேர். ஒரு பக்கம் பிராங்க்ஸ் ஜூ, ஒரு பக்கம் பொட்டானிக்கல் கார்டன், இந்தப் பக்கம் ஃபோர்டம் யுனிவர்சிட்டி, நடுவுல ஒரு சின்ன துண்டு. ஆர்தர்ங்கறது அமெரிக்க ஜனாதிபதி செஸ்டர் ஆர்தர், அவர் பேர்ல ஞாபகம் இருக்கற விஷயம் எனக்குத் தெரிஞ்சு இந்த தெரு ஒண்ணு தான். மெயின் தெரு ஆர்தர் அவென்யூ, அத குறுக்க வெட்டற 187வது தெரு, இந்த ரெண்டையும் ஒரு எல் மாதிரி நடந்தா முடிஞ்சது. நடுவுல மார்க்கெட் ஒண்ணு இருக்கு, 1940ல மேயர் லா கார்டியா கட்டினது. அதுக்கு முன்னாடி எல்லாரும் தெருவுல தள்ளுவண்டி தான் வெச்சிருந்தாங்க, மேயருக்கு தள்ளுவண்டின்னாலே ஆகாது, எல்லாரையும் ஒரு கூரைக்குள்ள தள்ளிட்டார். (அவரும் இத்தாலியன் வம்சம் தான், அதனால தான் திட்டிட்டே ஏத்துக்கிட்டாங்க போல.) இப்ப உள்ள போனா ஒரு பக்கம் காய்கறி, ஒரு பக்கம் டெலி, வாசல்கிட்ட ஆளுங்க உக்காந்து புகையிலைய கைலயே சுருட்டி சுருட்டு பண்ணிட்டு இருப்பாங்க. எங்க தாத்தா கட்டுக்கட்டா வாங்கி வெச்ச சுருட்டு வாசனை அப்படியே, அப்பா அங்க பத்து நிமிஷம் நின்னார், புகைக்கற பழக்கமே இல்லாத மனுஷன்.

கடைங்களோட வயச பாருங்க. டைட்டல் பிரதர்ஸ் 1915, மடோனியா பேக்கரி 1918, போர்கட்டீஸ் ரவியோலி 1935. டைட்டல் பிரதர்ஸ் ஆரம்பிச்சது இத்தாலியன்ஸே இல்ல, ஆஸ்திரியாவுல இருந்து வந்த யூத அண்ணன் தம்பி. கடை வாசல் தரைல மொசைக்ல பதிச்ச ஆறு முனை நட்சத்திரம் இப்பவும் இருக்கு, அதை மிதிச்சுட்டு தான் உள்ள போவோம். ஆலிவ் ஆயில், டப்பா தக்காளி, கட்டை கட்டையா பார்மெசான் எல்லாம் இங்க தான் விலை நியாயமா இருக்கும்ங்கறது என் அனுபவம்.

187வது தெருவுல மொஸரெல்லா பண்றத நின்னு பாருங்க. தயிர்க்கட்டி மாதிரி இருக்கற வெள்ளை கட்டிய பட்டை பட்டையா அறுத்து ஒரு தொட்டில போடறாங்க, கொதிக்கற தண்ணிய மேல ஊத்தறாங்க, ஒரு கட்டை துடுப்பால மடிச்சு மடிச்சு இழுக்கறாங்க, ரெண்டு நிமிஷத்துல அது பால்கோவா பதம் போய் பரோட்டா மாவு பதத்துக்கு பளபளன்னு வந்துடும், அப்புறம் கைல எடுத்து ஒரு இழுப்பு, ஒரு மடிப்பு, கிள்ளி உருண்டை பண்ணி உப்புத்தண்ணில போட்டுடறாங்க. அந்த ஆள் விரல் எல்லாம் செவந்து கெடக்கு. வாங்கினா சூடா ஈரமா ஒரு பாக்கெட்ல தருவாங்க, அத அன்னிக்கே சாப்பிடணும், பிரிட்ஜ்ல வெச்சா செத்துப் போயிடும். கடைக்கார அம்மா என் கைய புடிச்சு சொன்னாங்க, "ஃபிரிட்ஜ் நோ". எங்க அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, அந்த ரெண்டு வார்த்தை மட்டும் புரிஞ்சு போச்சு, ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டாங்க.

போர்கட்டீஸ்ல முட்டை போட்ட பாஸ்தா மாவ பெரிய பெரிய தாளா தேச்சு வெச்சிருப்பாங்க. எவ்வளவு அகலம் வேணும்னு கேப்பாங்க, நீங்க காட்டினதும் உங்க கண்ணு முன்னாடியே மெஷின்ல விட்டு நூலா வெட்டி பேப்பர்ல சுருட்டிக் குடுப்பாங்க. இடியாப்பக் கட்டைல அச்சு மாத்தற மாதிரி தான். மடோனியால கன்னோலிய (குழாய் மாதிரி பொரிச்ச மாவு ஓடு, உள்ள இனிப்பு) முன்னாடியே ரொப்பி வெக்க மாட்டாங்க, கேட்டப்புறம் தான் ஓட்டுக்குள்ள ரிகோட்டாவ பீச்சுவாங்க, அதனால ஓடு நமுத்துப் போகாம மொறுமொறுன்னு இருக்கும். பானிபூரிய முன்கூட்டியே ரொப்பி வெச்சா என்ன ஆகுமோ அதான் வித்தியாசம்.

அதுக்காக ஆர்தர் அவென்யூ முழுக்க சுத்த இத்தாலின்னு நெனச்சுடாதீங்க. பீட்சா கடைய பாதி அல்பேனியாக்காரங்க நடத்தறாங்க, பக்கத்துலயே கீரையோ சீஸோ வெச்ச புரெக் கிடைக்கும், மெக்சிகன் கடைங்க இருக்கு. பழைய குடும்பங்க நெறைய புறநகருக்குப் போய்ட்டு சனிக்கிழமை சாமான் வாங்க மட்டும் வர்றாங்க. மாயவரத்துல சொந்த வீட்ட வித்துட்டு சென்னைல இருக்கறவங்க மளிகைக்கும் காபித்தூளுக்கும் ஊருக்கு ஆள் அனுப்பற மாதிரி. பாட்டி சண்டை போடறது மட்டும் அப்படியே இருக்கு, என் கண்ணால பாத்தேன், அளவுகோல் பாஸ். குறைன்னு சொன்னா ரெண்டு. ஞாயித்துக்கிழமை பல கடை மூடியிருக்கும், அதனால சனி தான் போகணும். சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் கடைய கட்டிடுவாங்க, மதியம் தூங்கி எழுந்து போற ஆளுங்களுக்கு இது ஆகாது.

சைவக்காரங்களுக்கு ஒரு இடைச்செருகல், இது நாலு ஊருக்கும் பொருந்தும். பாஸ்தாவும் பீட்சாவும் தானே, நமக்கென்னன்னு உக்காந்துடாதீங்க. ஒரிஜினல் பார்மெசான் சீஸ், அதாவது பார்மிஜியானோ ரெஜ்ஜானோல கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கற ரென்னட் போட்டுத்தான் பால உறைய வெப்பாங்க, அது அவங்க விதி. பெக்கோரினோ சீஸும் பெரும்பாலும் இப்படி மிருக ரென்னட் போட்டது தான். மரினாரா சாஸ்னா தக்காளி பூண்டு தான், ஆனா "கிரேவி"ன்னு சொன்னா ஞாயித்துக்கிழமை கறி போட்டு மணிக்கணக்கா கொதிக்க வெச்ச சாஸ். மினெஸ்ட்ரோனே சூப்புல காய்கறி தான் மிதக்கும், தண்ணி கறித்தண்ணியா இருக்கலாம். கன்னோலி ஓட்டு மாவுல பழைய முறைப்படி பன்றிக்கொழுப்பும் கொஞ்சம் வைனும் சேக்கற கடை இன்னும் இருக்கு. கேட்டா மறைக்க மாட்டாங்க, கேக்காம இருந்தா அவங்களா சொல்லவும் மாட்டாங்க. அம்மாவுக்கு நான் கண்டுபுடிச்ச பாதுகாப்பான மெனு: மரினாரா பீட்சா, பூண்டு போட்டு வதக்கின புரோக்கலி ராப் (கசப்பு கீரை, எங்க அம்மா அத வெந்தயக்கீரைக்கு தூரத்து சொந்தம்னாங்க), ஃபொக்காச்சியா, எலுமிச்சை ஐஸ்.

பிலடெல்பியா. எடிசன்ல இருந்து கார்ல ஒண்ணேகால் மணி நேரம், பாலத்து டோல் தவிர பெரிய தொந்தரவு இல்ல. ஒம்பதாவது தெருல வரிசையா தகரக் கூரையும் தார்ப்பாயும் போட்ட காய்கறிக் கடைங்க, தெருவோரம் பெட்டி பெட்டியா தக்காளி, கத்திரிக்கா, நடைபாதைல நடக்கறதே கஷ்டம். நாலு இடத்துல இது ஒண்ணு தான் எனக்கு நம்ம ஊர் மார்க்கெட் ஞாபகத்த முழுசா குடுத்துச்சு, அழுகின முட்டைக்கோஸ் இலை கால்ல மிதிபடறது உட்பட. குளிர்காலத்துல கடைக்காரங்க இரும்பு பீப்பால கட்டை போட்டு எரிச்சு கை காய்ச்சுவாங்க, தெரு பூரா புகை வாசனை. உயிர்க்கோழி விக்கற கடை கூட இருக்கு.

இங்கயும் கடைங்க பழசு. இஸ்க்ரோ பேஸ்ட்ரி 1904, ஃபான்டேஸ் 1906, சார்கோனே பிரெட் 1918, டி புரூனோ சீஸ் 1939. இதுல ஃபான்டேஸ் சமையல் பாத்திரக் கடை, அங்க எங்க வீட்டம்மாவ விட்டா ரெண்டு மணி நேரத்துக்கு நீங்க எங்க வேணா போய்ட்டு வரலாம். காபி பண்ற மோக்கா பானை எல்லா சைஸ்லயும் அடுக்கி வெச்சிருக்காங்க, அம்மா ஒண்ணைத் தொறந்து பாத்து "பில்டர தலைகீழா பண்ணிருக்கான்"னு தீர்ப்பு சொல்லிட்டாங்க. தப்பில்ல, அதுல டிகாக்‌ஷன் கீழ இறங்காம மேல ஏறும்.

வாஷிங்டன் அவென்யூ தாண்டினா மெக்சிகன் கடைங்க, சோள ரொட்டி சுடற வாசனை, அதே வாஷிங்டன் அவென்யூல வியட்நாம் சூப்பர் மார்க்கெட்டுங்க, பாவக்காய், கொத்தமல்லி எல்லாம் கிடைக்கும். இத்தாலியன் மார்க்கெட்னு பேரு, ஆனா இப்ப அத தூக்கி நிறுத்தறதுல பாதி பியூப்ளால இருந்து வந்த மெக்சிகன் ஜனங்க தான். நூறு வருஷம் முன்னாடி இத்தாலியன் பண்ணினத இப்ப அவங்க பண்றாங்க. தெரு கடைசில சீஸ்ஸ்டேக்குக்குப் பேர் போன ரெண்டு கடை எதிரெதிர், பாட்ஸ் 1930, ஜீனோஸ் 1966. மாட்டுக்கறி, எங்க வீட்டுக்கு சம்பந்தமில்ல, அதனால எது பெஸ்டுன்னு என்னைக் கேக்காதீங்க. திங்கக்கிழமை போய்டாதீங்க, பாதி கடை லீவு. ஆர்தர் அவென்யூவோட ஒப்பிட்டா இங்க காய்கறியும் பாத்திரமும் உசத்தி, பாஸ்தாவும் மொஸரெல்லாவும் அங்க உசத்தி. இது என் நாக்கு, உங்க நாக்கு வேற சொல்லலாம்.

பாஸ்டன் நார்த் எண்டுக்கு நியாயம் பண்ணணும்னா ஒரு நாள்ல முடியாது, நாலு நாலரை மணி நேர டிரைவ், ராத்திரி தங்கியே ஆகணும். அதனால தான் கடைசில வெச்சேன், ஆனா அழகுன்னு பாத்தா இதுக்குத் தான் முதல் மார்க். செங்கல் கட்டடம், வளைஞ்சு வளைஞ்சு போற ஒடுக்கமான தெரு, சேலம் ஸ்ட்ரீட்டும் ஹானோவர் ஸ்ட்ரீட்டும். இங்க இத்தாலி மட்டும் இல்ல, அமெரிக்க வரலாறே அதே தெருல கெடக்கு. அமெரிக்க சுதந்திரப் போராட்ட வீரர் பால் ரிவியரோட வீடு 1680 வாக்குல கட்டின மர வீடு. ஓல்டு நார்த் சர்ச் 1723, 1775 ஏப்ரல்ல பிரிட்டிஷ் படை வருதுன்னு கோபுரத்துல ரெண்டு லாந்தர் தூக்கிக் காட்டின இடம். தரைல ஒரு செவப்புக் கோடு போட்டிருப்பாங்க, அது பின்னாடியே நடந்தா எல்லாம் வந்துடும், பசங்களுக்கு அந்தக் கோட்டு மேல நடக்கறதே விளையாட்டு. இத்தாலியன்ஸ்க்கு முன்னாடி இது ஐரிஷ் ஏரியா, யூதர் ஏரியா, கென்னடியோட அம்மா ரோஸ் 1890ல பொறந்தது இங்க தான்.

என் பையன மொபைல்ல இருந்து தலை தூக்க வெச்ச கதை ஒண்ணு. 1919 ஜனவரி 15, மத்தியான நேரம், கமர்ஷியல் ஸ்ட்ரீட் ஓரம் இருந்த 50 அடி உசர டேங்க் வெடிச்சுது. உள்ள இருந்தது 23 லட்சம் காலன் மொலாசஸ், அதாவது சர்க்கரை எடுத்தப்புறம் மிஞ்சற கெட்டிப் பாகு, தொழிற்சாலைக்கு வேண்டிய ஆல்கஹால் எடுக்க வெச்சிருந்தது. டேங்குக்குப் போட்ட தகடு இருக்க வேண்டியதை விட மெல்லிசு. இருபத்தஞ்சு அடி உசரத்துக்கு பாகு அலை தெருவுல ஓடுச்சு, 21 பேர் செத்தாங்க, நூத்தம்பது பேருக்கு அடி. பாகுல மாட்டின ஈ மாதிரின்னு நாம சும்மா சொல்லுவோம், அங்க குதிரைங்க அப்படி மாட்டி செத்திருக்கு. இப்ப அந்த இடத்துல பார்க் இருக்கு, ஒரு சின்ன பலகை தான் அடையாளம், தேடித்தான் பாக்கணும்.

சாப்பாடு? கன்னோலிக்கு மைக்ஸ் பேஸ்ட்ரியா மாடர்ன் பேஸ்ட்ரியாங்கறது அங்க கட்சி சண்டை மாதிரி. மைக்ஸ்ல ரகம் ஜாஸ்தி, கியூ தெருவுல நிக்கும், ஹானோவர் ஸ்ட்ரீட்ல பாதிப் பேர் கைல அந்த நூல் கட்டின வெள்ளைப் பொட்டி இருக்கும். மாடர்ன்ல கேட்டப்புறம் தான் ரொப்புவாங்க, நான் மாடர்ன் கட்சி. ஆனா எனக்கு அங்க ரொம்ப புடிச்சது சேலம் ஸ்ட்ரீட் மூலைல போல்காரீஸ்னு ஒரு காபிக் கடை, 1932ல இருந்து இருக்கு. உள்ள போனா காபிக்கொட்டை வாசனையும் மசாலா வாசனையும் ஒண்ணா மூக்குல ஏறும், எல்லாம் தராசுல எடை போட்டு குடுக்கறாங்க. அப்பா கும்பகோணம் ஆளு, பாட்டில் பாட்டிலா இருந்த மசாலாவ ஒவ்வொண்ணா பாத்துட்டு சோம்ப மட்டும் அடையாளம் கண்டுபுடிச்சு சந்தோஷப்பட்டார்.

நார்த் எண்ட் இவ்ளோ முழுசா தப்பிச்சதுக்கு ஒரு காரணம் 1950கள்ல கட்டின தூண் மேல போற ஹைவேன்னு எனக்குத் தோணுது. ஊருக்கும் இதுக்கும் நடுவுல சுவர் மாதிரி அது நின்னுச்சு, அசிங்கமா இருந்தாலும் பில்டர்ஸ் யாரும் இந்தப் பக்கம் வரல. அப்புறம் அந்த ரோட்ட பூமிக்கடில தள்ளி மேல பூங்கா போட்டாங்க, உடனே வாடகை ஏறிடுச்சு. இப்ப ரெஸ்டாரன்ட் எக்கச்சக்கம், மளிகைக் கடை கம்மி. என் அளவுகோல்ல பாதி பாஸ். ஆகஸ்ட்ல போனா மீனவர் திருவிழா பாக்கலாம், 1910ல இருந்து நடக்குது, ஒரு சின்னப் பொண்ணுக்கு தேவதை வேஷம் போட்டு கயித்துல கட்டி தெருவுக்கு மேல மாதா சிலைக்கு முன்னாடி இறக்குவாங்க, கீழ நிக்கறவங்களுக்கு வயித்த கலக்கும். காரை மட்டும் உள்ள எடுத்துட்டுப் போகாதீங்க. தெரு பூரா அந்த ஏரியா பர்மிட் வெச்சிருக்கறவங்களுக்கு. போர்டை சரியா படிக்காம விட்டுட்டு பத்து நிமிஷம் கன்னோலி கியூல நின்னேன், திரும்பி வந்தா வைப்பர்ல டிக்கெட். என் வாழ்க்கைலயே காஸ்ட்லியான கன்னோலி.

ஆக யாருக்கு எது? வயசானவங்களோட போறீங்க, ரொம்ப நடக்க முடியாது, உக்காந்து ஒரு காபி குடிச்சா போதும்னா மல்பரி தப்பில்ல, ஃபெராரால காபி, டி பாலோஸ்ல ஒரு துண்டு சீஸ், அப்படியே ரெண்டு தெரு நடந்தா சைனாடவுன், மதிய சாப்பாட்ட அங்க வெச்சுக்கங்க. சமையல் பைத்தியமா, ஆர்தர் அவென்யூ, பேச்சே இல்ல, ஐஸ் பேக் போட்ட பை ஒண்ணு மறக்காம எடுத்துட்டுப் போங்க. பசங்க கூட வந்தா கூட ஆர்தர் தான், காலைல பிராங்க்ஸ் ஜூ, மதியம் பீட்சா, ஒரே நாள்ல ரெண்டு. பசங்க கொஞ்சம் பெரியவங்க, ஸ்கூல்ல அமெரிக்க ஹிஸ்டரி படிக்கறாங்க, நீண்ட வீக்கெண்ட் கிடைச்சிருக்குன்னா பாஸ்டன். கார் இருக்கு, பேரம் பாத்து காய்கறி வாங்கி ரொம்ப நாளாச்சு, கைலாம் அரிக்குதுன்னா பிலடெல்பியா.

இந்த வருஷம் எங்க வீட்ல ஏற்கெனவே முடிவாகிடுச்சு. பிலடெல்பியா மார்க்கெட்ல மே மாசம் ஒரு திருவிழா நடக்கும், அதுல முப்பதடி கம்பத்துல பன்றிக்கொழுப்ப தடவி, உச்சில சீஸும் கறியும் பணமும் கட்டி வெச்சு, இளவட்டம் எல்லாம் ஒருத்தர் தோள் மேல ஒருத்தர் ஏறி அத எடுக்கப் பாப்பாங்க. இத்தாலில இருந்து வந்த பழக்கமாம். நான் வீடியோ காட்டினதும் அப்பா சேர்ல இருந்து நிமிந்து உக்காந்தார், "டேய் இது நம்ம வழுக்குமரம்டா"ன்னு. அவர் ஊர் கிருஷ்ணன் கோயில்ல எண்ணெய் தடவின மரத்துல ரெண்டு வருஷம் ஏறிப் பாத்து ரெண்டு வருஷமும் சறுக்கினவர். அவருக்கு ஜூன் வரைக்கும் இங்க இருக்க அனுமதி இருக்கு, அந்த சனிக்கிழமைக்கு நான் லீவு கேட்டாச்சு. மரத்துல தண்ணி பீச்சி அடிக்கற வழக்கம் அங்க உண்டான்னு தினம் ஒரு தடவை கேக்கறார், அது இல்லாட்டி ஏறறது ரொம்ப சுலபமாம்.